சாக்கடை நீர் தரும் மின்சாரம்
நாஞ்சில் நாட்டு அங்கத்தினர்கள் ஆராய வேண்டிய ஒரு விஷயம்

நமது மாவட்டத்தின் கடற்கரையோரத்தில் தென்னங் கதம்பலை ஊறப்போடும் காயல்களை அறியாதார் இலர். அந்நீரின் மேல் ஓயாது குமிழிகள் எழும்பி உடைந்து கொண்டிருக்கும். அழுகிய முட்டையின் நாற்றம் போன்றதொரு நாற்றம் காற்றில் பரவும். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு அவ்விடத்தைக் கடந்து செல்கிறோம். அக்குமிழிகளில் அடங்கியிருப்பது எரியக்கூடிய ஒரு வாயு என்பதையும், அதனைப் பிடித்து அடைத்தால் அடுப்பு எரிக்கவும் எஞ்சின் ஓட்டவும் முடியும் என்பதையும் நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

இத்தாலி தேசத்து விஞ்ஞானியாகிய வோல்ட்டா என்பார் 1776-ல் இத்தகைய குமிழிகளை ஓர் ஏரியின் சேற்றிலிருந்து திரட்டி, அவ்வாயு தீப்பற்றி எரிவதைக் கண்டறிந்தார். மின்சார அளவுக்கு நாம் வழங்கும் ‘வோல்ட்’ என்ற சொல் அவர் பெயரிலிருந்தே வந்தது. அவர் கண்ட அந்தச் சேற்று வாயுவே இன்று பெருநகரங்களின் சாக்கடை நீரிலிருந்து மின்சாரம் எடுக்க உதவுகிறது. அது எவ்வாறு நடைபெறுகிறது, நம்மைப் போன்ற நெசவாளர்களுக்கும் பயிர்த் தொழிலாளர்களுக்கும் அதனால் விளையக்கூடியது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வாயு பிறக்கும் விதம்

சாணம், மலம், சமையல் கழிவு, அழுகிய காய்கறி முதலியவற்றைக் காற்றுப்படத் திறந்து போட்டால் அவை ஒருவிதமாக மக்குகின்றன. காற்றுப் புகாத கலத்தில் நீருடன் கரைத்து அடைத்து வைத்தாலோ வேறுவிதமாக மக்குகின்றன. பிராணவாயு வேண்டாத நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று பெருகுகின்றன. முதலில் ஒருவகை நுண்ணுயிர்கள் கழிவைப் புளிப்பாக மாற்றும். பின்னர் மற்றொரு வகை அப்புளிப்பை உண்டு மீதேன் என்ற வாயுவை வெளிவிடும். இவ்விரு கூட்டத்தாரும் ஒத்து வேலை செய்தால்தான் வாயு கிடைக்கும். ஒரே நாளில் அளவுக்கு மீறிக் கழிவைக் கொட்டினால் புளிப்பு மிகுந்து, இரண்டாவது கூட்டம் மடிந்து, கலம் ‘கெட்டுப்போகும்’.

இவ்வாறு கிடைக்கும் வாயுவில் நூற்றுக்கு 55 முதல் 70 பங்கு வரை மீதேனும், எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயுவும், சிறிதளவு கந்தகம் கலந்த வாயுவும் இருக்கும். கதம்பல் ஊறும் இடத்து நாற்றம் இக்கந்தக வாயுவினுடையதே. நுண்ணுயிர்களுக்குச் சுமார் 35 டிகிரி வெப்பம் மிக உகந்தது. மேல்நாடுகளில் குளிர்காலத்தில் கலத்தைச் சூடேற்றிக் காக்க வேண்டியிருக்கிறது. கடுங்குளிர் இல்லாத நம் நாட்டில் அச்செலவு இல்லை. இயற்கை நமக்கு அளித்துள்ள இவ்வசதியை நாம் இன்னும் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு

இது புதியதொரு கற்பனையன்று. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரில் 1895-96 ஆண்டுகளில் டொனால்டு கேமரன் என்பார் அமைத்த மூடிய கழிவுநீர்த் தொட்டியின் வாயுவைக் கொண்டு விளக்கேற்றினர். நமது தேசத்திலும் 1897-லேயே பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் இத்தகைய கலம் அமைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அதன் வாயுவைக் கொண்டு எஞ்சினும் ஓட்டப்பட்டது. உலகத்தார் ஒதுக்கி வைத்த மனிதர்கள் வாழ்ந்த இடத்திலிருந்தே இவ்வொளி முதலில் தோன்றியது என்பது சிந்திக்கத்தக்கது.

பின்னர் ஜஷ்பாய் படேல் என்பார் 1950-களில் வகுத்த, இரும்பு டிரம் மிதக்கும் சாண எரிவாயுக் கலத்தைக் கதர் கிராமத் தொழில் கமிஷன் 1960-களின் தொடக்கத்திலிருந்து தேசமெங்கும் பரப்பியது. நம் மாவட்டத்தில் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டத்தினர் இத்துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகின்றனர். வீட்டுச் சமையல் கழிவையே இரையாகக் கொள்ளும் ‘சக்தி சுரபி’ என்ற கலத்தை வழங்கியவர்கள் அவர்களே. அவர்களது எரிவாயுப் பணிக்காக 2006-ல் இங்கிலாந்தின் ஆஷ்டன் விருது கிடைத்தது. ஆகவே இவ்விஷயத்தைக் கற்க நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

சென்னை காட்டிய வழி

கலம் சிறியதாயின் அடுப்பு எரியும். பெரியதாயின் மின்சாரமே கிடைக்கும். இதற்கு நம் மாநிலத்தில் சிறந்த எடுத்துக்காட்டு சென்னைக் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள். 2005, 2006 ஆண்டுகளில் நாளொன்றுக்குக் கொடுங்கையூரில் 11 கோடி லிட்டரும், கோயம்பேட்டில் 6 கோடி லிட்டரும், பெருங்குடியில் 5 கோடியே 40 லட்சம் லிட்டரும், நெசப்பாக்கத்தில் 4 கோடி லிட்டரும் சுத்தம் செய்யும் நிலையங்கள் எழுப்பப்பட்டன. கழிவிலிருந்து எடுத்த வாயுவால் மின்சாரம் உண்டாக்கும் எஞ்சின்களும் அவற்றுடன் நிறுவப்பட்டன.

அங்கே நடைபெறும் வேலை இதுதான். வீடுகளிலிருந்து குழாய் வழியே வரும் நீரில் முதலில் குப்பையும் மணலும் நீக்கப்படுகின்றன. பெரிய தொட்டிகளில் நீரை அசையாது நிறுத்தினால் கனமான கசடு அடியில் தங்குகிறது. மேலே நிற்கும் நீரில் பெருவிசிறிகள் போன்ற யந்திரங்களால் காற்றை ஊட்டி, காற்றை விரும்பும் நுண்ணுயிர்களைப் பெருக்கி, எஞ்சிய அழுக்கை அவற்றைக் கொண்டு தின்னச் செய்கிறார்கள். இவ்விரண்டு கட்டங்களிலும் கிடைக்கும் கசடு மூடிய பெருங்கலங்களுக்குச் சென்று, அங்கே பல நாள் தங்கி, வாயுவைத் தருகிறது. வாயுவிலுள்ள கந்தகத்தையும் ஈரத்தையும் நீக்கி எஞ்சினுக்கு விடுகிறார்கள். எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. எஞ்சினின் சூட்டையும் வீணாக்காமல் கசடை வெதுவெதுப்பாக வைக்கப் பயன்படுத்த முடியும்.

ஆயின் இம்மின்சாரம் ஊருக்கு விளக்கேற்றுவதற்கன்று என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் அந்நிலையத்தின் யந்திரங்களை ஓட்டவே செலவாகிறது. ‘அப்படியானால் ஊருக்கு என்ன லாபம்?’ என்று கேட்கலாம். லாபம் இங்கேதான் இருக்கிறது. சாக்கடை நீரைச் சுத்தம் செய்வதில் தினசரிச் செலவுகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று மின்சாரக் கட்டணம். அதிலும் பாதிக்கு மேல் காற்றூட்டுவதற்கே போகிறது. கட்டணம் கட்ட முடியாத ஊரில் என்ன நடக்கும்? முதலில் ஒரு விசிறி நிற்கும். பிறகு மற்றொன்று நிற்கும். கடைசியில் நீர் சுத்தமாகாமலே ஆற்றில் விடப்படும். கட்டடம் இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும், ஆறு மட்டும் முன்போலவே நாறும். தன் கட்டணத்தின் பெரும்பகுதியைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் நிலையத்துக்கு இந்நிலை எளிதில் நேராது. எனவே இவ்வாயுவை ஆற்றின் காவலன் என்றே சொல்ல வேண்டும்.

பழையாற்றின் கதை

இதனை நம் நாட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மலையடிவாரத்திலிருந்து தெளிந்து வரும் பழையாறு நாஞ்சில் நாட்டு வயல்களின் நடுவே ஓடி, நாகர்கோவிலைத் தொட்டு, மணக்குடியில் கடலோடு கலக்கிறது. பேச்சிப்பாறை நீரும், தோவாளை, அனந்தனாறு முதலிய கால்வாய்களும், பழையாற்றின் அணைக்கட்டுகளுமே நம் நெல்லுக்கு உயிர். நகரத்துக் கழிவு நீர் இவ்வாற்றில் கலக்கிறது என்ற முறையீடு பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் பயிர் செய்வோர் அந்நீரில் இறங்கித்தான் நாற்று நட வேண்டும், களை பறிக்க வேண்டும்.

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி நாகர்கோவிலில் இரண்டேகால் லட்சத்தை ஒட்டிய மக்கள் இருந்தனர். 2019-ல் அது மாநகராட்சியாயிற்று. அந்நகரத்துக்கெனப் பாதாளச் சாக்கடைத் திட்டமும் வகுக்கப்பட்டுப் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. இத்தகைய திட்டங்களில், ‘நீர் சுத்தமாகுமா?’ என்ற கேள்வியோடு, ‘கசடு எங்கே போகும்? அதன் வாயு எங்கே போகும்? மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவர்?’ என்ற கேள்விகளையும் பொதுமக்கள் கேட்கப் பழக வேண்டும். வாயுக் கலத்துக்கு இடம் விடாமல் முதலில் கட்டிவிட்டுப் பிறகு சேர்ப்பது கடினம்.

கணக்கைச் சிறிது பார்ப்போம். ஒரு கன மீட்டர் வாயு பெரிய எஞ்சினில் ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் தரும். சிறிய எஞ்சினில் ஒன்று அல்லது ஒன்றரை யூனிட்தான் தரும். சுத்திகரிப்பு நிலையத்தின் கசடிலிருந்து ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் வாயு என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒரு லட்சம் பேரின் கழிவிலிருந்து 1,500 கன மீட்டர் கிடைக்கும். இது 3,000 யூனிட் மின்சாரமாகும். கோதையாற்று மின்சாரத்துக்கு மழை வேண்டும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளுக்குக் காற்று வேண்டும். இரண்டுக்கும் பருவம் உண்டு. சாக்கடைக்கோ வெள்ளி செவ்வாய் இல்லை, வேனில் மாரி இல்லை. அளவில் சிறிதாயினும் நாள்தோறும் தவறாமல் வருவது இதன் சிறப்பு.

தோட்டத்திலும் இதுவே வழி

சாக்கடை நீர் என்றால் நகரத்தாரின் விஷயம் என்று பயிர்த்தொழில் செய்வோர் ஒதுங்க வேண்டாம். குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கங்களில் ரப்பர் வெட்டும் அங்கத்தினர் பலர் நம்மிடையே உள்ளனர். பாலில் ஆசிட் சேர்த்து உறையவைத்து ஷீட் அடித்தபின் எஞ்சும் நீரைத் தோட்டத்து ஓடையில் விடுகிறோம். சில நாளில் அது புளித்து நாறுகிறது. அந்நீரில் சர்க்கரையும் புரதமும் கரைந்திருப்பதே அதற்குக் காரணம். நாற்றத்துக்குக் காரணமான அப்பொருள்களே வாயுவுக்கும் மூலப்பொருள்கள். ரப்பர் போர்டின் ஆராய்ச்சியாளர்கள் இந்நீரிலிருந்து வாயு எடுக்கும் முறைகளை வகுத்துள்ளனர். தனியொருவர் அடிக்கும் நாலைந்து ஷீட்டின் நீர் இதற்குப் போதாது. பலர் பாலை ஓரிடத்தில் சேர்த்து ஷீட் அடிக்கும் சங்கத்துக்கே இது கட்டுப்படியாகும். கிடைக்கும் வாயுவைப் புகைக்கூடத்தில் எரித்தால் விறகுச் செலவு குறையும்.

நாம் மரச்சீனி என்று கூறும் கிழங்கைச் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஜவ்வரிசி ஆலைகள் அரைக்கின்றன. அவ்வாலைகளின் மாவுநீர் ஒரு காலத்தில் ஊராருக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. பின்னர் பல ஆலைகள் அந்நீரை மூடிய கலங்களில் அடைத்து வாயு எடுத்து, அதனைக் கொண்டு எஞ்சினை ஓட்டி மின்சாரம் பெறலாயின. அப்பக்கத்து உற்பத்தியாளர்கள் 1981-ல் தோற்றுவித்த ‘சேகோசர்வ்’ ஒரு கூட்டுறவுச் சங்கமே என்பதை நம் அங்கத்தினர்கள் பெருமையுடன் நினைக்கலாம்.

நெசவாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். வடசேரி முதலிய இடங்களில் நூலுக்குச் சாயம் தோய்த்த நீரை எக்காரணம் கொண்டும் வாயுக் கலத்தில் விடலாகாது. சாயத்திலும் அதனுடன் சேரும் உப்பு, காரம் முதலியவற்றிலும் நுண்ணுயிர்களுக்கு இரையில்லை. மாறாக அவற்றைக் கொல்லும் நஞ்சே உண்டு. சோப்புநீர், பினாயில், பிளீச்சிங் பவுடர் ஆகியவையும் அத்தகையனவே. சாயநீரைத் தனியே பிரித்துத் தனியே சுத்தம் செய்வதே முறை. நெசவாளர் குடியிருப்பின் கழிப்பிட நீரும் சமையல் கழிவும் வாயுக் கலத்துக்கு உரியவை. சாயப்பட்டறை நீர் அதற்கு உரியதன்று.

ஏன் பல கலங்கள் நின்றுபோகின்றன?

உண்மையை மறைத்துப் பயனில்லை. தேசமெங்கும் திறப்பு விழாவோடு தொடங்கிச் சில ஆண்டுகளில் துருப்பிடித்து நிற்கும் வாயுக் கலங்கள் பல. விஞ்ஞானம் பொய்த்ததால் அவை நிற்கவில்லை. அவற்றை நாள்தோறும் பேணுவார் இல்லாததால் நின்றன.

முதற் காரணம் இரை ஒழுங்காகக் கிடைக்காமை. ஒரு வாரம் பட்டினி, மறு வாரம் விருந்து என்றால் மாடு நோய்ப்படுவது போலவே கலமும் நோய்ப்படும். பிளாஸ்டிக், மணல், நார் முதலியவை கலந்த கழிவைக் கொட்டினால் குழாய் அடைபடும். இரண்டாவது கந்தகம். அதனை நீக்காமல் எஞ்சினுக்கு விட்டால் உள்ளே அமிலம் தோன்றி உலோகத்தை அரித்துவிடும். சிறு கலங்களில் இரும்புத் துருவல் நிரப்பிய குழாயின் வழியே வாயுவைச் செலுத்தினால் கந்தகத்தின் பெரும்பகுதி நீங்கும். அத்துருவலைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். மூன்றாவது, இவ்வேலை யாருடையது என்று வரையறுக்காமை. எல்லோருடைய கலம் என்பது ஒருவருடைய பொறுப்பும் இல்லாத கலமாகிவிடுகிறது.

கணக்கைத் தவறாகப் போடுவதும் ஏமாற்றத்துக்குக் காரணம். 25 கிலோ சாணத்திலிருந்து சுமார் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். நான்கு மாடுகள் வைத்திருக்கும் வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை கன மீட்டர் கிடைக்கலாம். அதில் மின்சாரம் எடுத்தால் இரண்டு யூனிட்கூடத் தேறாது. எஞ்சின் வாங்கிய பணமும் திரும்பாது. அதனையே அடுப்பில் எரித்தால் ஒரு குடும்பத்துச் சமையலில் பெரும்பகுதி முடியும். ஆகவே சிறு கலத்தின் வாயு அடுப்புக்கு, பெருங்கலத்தின் வாயு எஞ்சினுக்கு என்பதே விதி. ஐம்பது மாடுகளின் சாணம் ஓரிடத்தில் சேருமானால் 20 கன மீட்டர் வாயுவும், 25 யூனிட் அளவில் மின்சாரமும் எதிர்பார்க்கலாம். மனித மலத்தை மட்டும் நேரே கலத்தில் விடும் பொதுக் கழிப்பிடங்களில் ஆளுக்கு ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர் அளவு, வாயு கிடைப்பதாக அத்துறையில் அனுபவம் மிக்க சுலப் நிறுவனத்தார் கணக்கிட்டுள்ளனர்.

உயிருக்கு மேலான லாபம் இல்லை

மற்றொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நூறு பங்குக் காற்றில் 5 முதல் 15 பங்கு வரை மீதேன் கலந்தால் ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். கலத்தின் அருகே பீடி பற்றவைக்கலாகாது. கந்தக வாயுவோ அதைவிடக் கொடியது. அது மிகும்போது மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி இறங்குபவன் அடுத்த மூச்சில் விழுவான். அவனைத் தூக்க இறங்குபவனும் விழுவான். கழிவுத் தொட்டிகளில் இவ்வாறு இருவர் மூவராக மாண்ட செய்திகளை ஆண்டுதோறும் பத்திரிகைகளில் படிக்கிறோம்.

தக்க பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ கழிவுத் தொட்டியிலோ மனிதனை இறக்குவதை 2013-ம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. சட்டம் இருப்பினும் இல்லாவிடினும், கூலிக்கு ஏழையொருவனை அக்குழியில் இறக்குவது கூட்டுறவு தர்மத்துக்கு ஒவ்வாது. கலத்தை வகுக்கும்போதே யந்திரத்தாலோ பம்பாலோ சேறு எடுக்கும்படி வகுக்க வேண்டும். நன்கு பேணப்படும் கலத்தில் மனிதன் இறங்க வேண்டிய அவசியமே நேராது.

நமது சங்கங்கள் செய்யக்கூடியது

குஜராத்தில் ஆனந்த் மாவட்டத்து முஜ்குவா கிராமத்தில் பெண்கள் ஒரு சாணக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துள்ளனர். ஒவ்வொரு வீட்டிலும் சிறு வாயுக் கலம். வாயு வீட்டு அடுப்புக்கு. வெளிவரும் சாணக் குழம்பைத் தம் வயலுக்கு வேண்டியது போக மீதியைச் சங்கத்துக்கு விற்கிறார்கள். அது உரமாக்கப்பட்டு விற்பனையாகிறது. பாலைச் சேர்த்து விற்ற அதே முறையைச் சாணத்துக்கும் பின்பற்றியதே அவர்கள் செய்த புதுமை. சாணத்திலுள்ள தழைச்சத்து கலத்தில் பெரும்பாலும் அழியாமல் குழம்பிலேயே நிற்பதால் அது பயிருக்கு நல்ல உணவு. மனிதக் கழிவு சேர்ந்த கலத்தின் குழம்பை மட்டும் நன்கு உலர்த்தி மக்கவைக்காமல் பயன்படுத்தலாகாது. கீரை, காய்கறிகளுக்கு அதனைத் தவிர்த்தலே நலம்.

நம் சங்கங்கள் பின்வருவனவற்றை ஆலோசிக்கலாம். ரப்பர்ப் பாலை ஓரிடத்தில் சேர்க்கும் சங்கங்கள் தம் கழிவு நீரின் அளவை ஒரு மாத காலம் அளந்து குறித்து வைக்கட்டும். பால் சங்கங்கள் தம் அங்கத்தினரின் மாட்டுக் கணக்கை எடுக்கட்டும். நெசவாளர் சங்கங்கள் தம் குடியிருப்பின் கழிப்பிட நீர் எங்கே போகிறது என்று பார்க்கட்டும். அளவு தெரிந்தபின் கலம் அமைப்பதில் அனுபவம் உள்ளோரை அணுகலாம். கலம் அமைப்பதாயின், அதைப் பேணும் ஆளின் சம்பளத்தையும், ஐந்தாண்டுப் பழுதுபார்க்கும் செலவையும் முதல் நாளே வரவு செலவுத் திட்டத்தில் எழுத வேண்டும். அவ்விரு வரிகள் இல்லாத திட்டத்துக்கு மகாசபையில் கை தூக்க வேண்டாம்.

வாயுவைப் பிடிக்காமல் விட்டால் அது எங்கும் போய்விடுவதில்லை. காற்றில் கலந்து பூமியைச் சூடேற்றுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கும் மேல் சூடேற்றும் தன்மை மீதேனுக்கு உண்டு. பருவமழை தவறுவதையும் கடல் கரையை அரிப்பதையும் நாம் கண்ணெதிரே காண்கிறோம். அதற்கெல்லாம் இஃதொன்றே பரிகாரம் என்று கூற வரவில்லை. நம் கையிலுள்ள பரிகாரங்களுள் இதுவும் ஒன்று.

நாற்றமெடுக்கும் ஓடையைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்லும் வழக்கத்தை விட்டு, அதில் ஓடுவது யாருடைய கழிவு, அதனால் ஆகக்கூடியது என்ன என்று நின்று கேட்போமாக. ஒருவர் கேட்டால் அது குறையாக முடியும். சங்கம் கேட்டால் திட்டமாகும். வருகிற மகாசபைக் கூட்டத்தில் இவ்விஷயத்தை விவாதப் பொருளாக வைக்கும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.